பீச்சாங்கை எழுத்து

வலதுகையால் நான் கடைசியாக எழுதியது, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஒரு மனு. தாமிரபரணிக் கரையில் ஒரு வயல்காட்டு ஊரிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. அவர்களில் மூத்தவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார். அந்தப் பாராட்டு எனக்குப் பழகிப்போயிருந்தது. சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மனு எழுதுவதுதான் என் தொழில். தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்கு வெளியே சாலையோரம் புங்கமரங்கள் நிற்கின்றன. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அந்த மரத்தடிகளில் மடக்கு நாற்காலி போட்டு ஆறேழு பேர் உட்கார்ந்திருப்போம். மற்ற நாட்களில் தாலுகா ஆபீஸ் வாசல். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். பதினெட்டு வருஷம். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வாறுகால் சாக்கடை அடைப்பு, பக்கத்து வீட்டுக்காரன் முருங்கைமரம் என்று நான் எழுதாத குறை கிடையாது.

கணவருக்கு ஊருக்குள் பலசரக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சீக்கிரம் சாத்துவார். நான் போய்க் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பேன். அந்த ஞாயிறும் அப்படித்தான். வாசற்படியில் சிந்திக் கிடந்த துவரம்பருப்பைக் குத்தவைத்து அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே நின்று, தெருவில் போன யாரிடமோ பேசிக்கொண்டே, கொக்கியை மாட்டி ஷட்டரை இழுத்தார். எழுந்திருப்பதற்காக நான் வலதுகையைப் படியில் ஊன்றியிருந்தேன்.

வலியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அது வந்தது, பிறகு ஊசி போட்டார்கள், போயிற்று. ஆட்காட்டி விரலில் இரண்டு கணு போனது. பெருவிரல் எலும்பு நொறுங்கி, கம்பி வைத்துச் சேர்த்ததில் மூட்டு இறுகி மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமான் தூக்கலாம். ஒரு பொருளை அமுக்கிப் பிடிக்கலாம். ஆனா பேனா பிடிக்க வராதும்மா."

"எத்தனை மாசத்துல வரும்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நர்ஸ் என் கட்டைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "கைநாட்டு வைங்கம்மா, போதும்." எழுதத் தெரியாதவர்களின் விரலைப் பிடித்து எத்தனை தாள்களில் நான் அழுத்தியிருப்பேன்! அதில் ஒரு கேவலமும் இல்லை என்று அவர்களுக்குச் சமாதானம் சொன்னவளும் நான்தான். அன்றைக்கு அந்த மைப்பெட்டியைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. "பேனா குடுங்க" என்று இடதுகையை நீட்டினேன். என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் பேனா தாளைக் கிழித்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "ச்சே" என்றார். கடைசியில் கைநாட்டுத்தான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் என் கணவர் ஒரே கதையைச் சொன்னார். "ஷட்டர் ஸ்பிரிங் அறுந்துபோச்சு. சடார்னு எறங்கிட்டு." முதல் ஆளிடம் அப்படிச் சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் "ஆமா" என்று சொல்லிவிட்டேன். ஸ்பிரிங் அறுந்திருந்தால் மறுநாள் அதே ஷட்டரைத் தூக்கி எப்படிக் கடை திறந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு முறை "ஸ்பிரிங்" என்று சொல்லும்போதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மற்றபடி அவர் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். ஸ்பூன் வாங்கி வந்தார். சோற்றை இடதுகையால் அள்ளித் தின்ன எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒருநாள் கடையிலிருந்து நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அட்டையில் முயல் படம்.

"சின்னப் புள்ளைய எழுதுத நோட்டு. மொதல்ல இதுல பழகிக்கிட்டா..."

நோட்டைத் தூக்கி எறிந்தேன். இடதுகையால் எறிந்ததில் அது நான் குறிவைத்த இடத்துக்குக்கூடப் போகவில்லை. நாற்காலிக் காலில் இடித்து விழுந்தது. அவர் அதை எடுத்துத் தூசி தட்டி மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அவர் போன பிறகு அதில்தான் எழுத ஆரம்பித்தேன்.

இடதுகைக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஐம்பது வயதில் என் உடம்பிலேயே இப்படி ஒரு முட்டாள் இருந்திருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. 'ப' வந்தது. 'ட' எழுதினால் அது கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நின்றது. 'இ'யின் சுழியைத் தொடங்கினால் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கை கேட்டது. எனக்குத் தெரியும், கைக்குச் சொல்லத் தெரியவில்லை. வலதுகை பேனாவை இழுத்துக்கொண்டு போகும். இடதுகை அதைத் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளினால் முனை தாளில் குத்துகிறது. எழுதி முடித்த எழுத்தின் மேலேயே கை ஏறிப் போவதால் மை இழுபட்டு, உள்ளங்கையின் ஓரம் எந்நேரமும் நீலமாக இருந்தது. அரைப் பக்கம் எழுதுவதற்குள் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். கால் விரல்கள் மடங்கிப் போயிருக்கும். சமயத்தில் நாக்கு வெளியே வந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொன்றது கை ஊரும் வேகம்தான். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதன் பாதியைக் கை எட்டுவதற்குள் மீதியை மறந்துவிடுவேன். "மேற்படி இடத்தில் நாங்கள்" என்று எழுதிவிட்டு, மேற்படி இடத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று முழிப்பேன். இரண்டு பேனாக்களை உடைத்தேன். மறுநாள் காலை மேஜையில் மூன்று புதுப் பேனாக்கள் இருந்தன. அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாளாவது அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள்: "இப்பம் எதுக்கும்மா கையால எழுதணும்? போன்ல பேசுனா அதுவே எழுதிரும். ஜெராக்ஸ் கடையில குடுத்து பிரிண்ட் எடுத்துக்கிடலாம்." முயன்று பார்த்தேன். "எங்க தெருவுல வாறுகால் அடச்சுக்கிட்டு நாறுது" என்று சொன்னேன். "எங்க தெருவில் வரும் கால் உடைச்சுக்கிட்டு நாறுது" என்று போன் எழுதியது. அதைத் திருத்த ஆன நேரத்தில் பீச்சாங்கையாலேயே எழுதியிருக்கலாம். அதுவும் போக, எனக்கு எழுத எழுதத்தான் விஷயம் கூடிவரும். எதிரே இருப்பவர் அழுதுகொண்டே, முன்னும் பின்னுமாகச் சொல்வார். பேனா ஓட ஓட எது முதலில் வர வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று எனக்குத் தெரிந்துகொண்டே வரும். வாயால் சொன்னால் எனக்கும் அவர்களைப் போல முன்னும் பின்னுமாகத்தான் வருகிறது. மகளுக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை. "சரி, ஒன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

நான்காம் மாதம் புங்கமரத்தடிக்குத் திரும்பிப் போனேன். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இடதுகையில் பேனா, வலதுகையால் தாளை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கைக்குப் பிடிமானம் போதாது. பரீட்சை அட்டையின் கிளிப் தாளை மேலே பிடித்துக்கொள்ளும். தாளின் அடிப்பாதி காற்றில் எழும்பி என் முகத்தில் அறையும். முதலில் வந்து உட்கார்ந்தவர் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து ஆள், நிலத்தகராறு. நான் பேனாவை எடுத்த கையைப் பார்த்தார்.

"ஏம்மா, பீச்சாங்கையாலயா எழுதப்போற?"

"வலதுகையில அடி பட்டுட்டு அண்ணாச்சி. எழுத்துத் தெளிவா இருக்கும்."

"எழுத்து இருக்கட்டும். நாலு வருசமா அலையுத காரியம். பீச்சாங்கையால எழுதுனா வெளங்குமா?"

அவர் எழுந்து அடுத்த மரத்தடிக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருப்பவர் என்னைவிட மூத்தவர். எனக்கு முன்பிருந்தே அங்கே தொழில் செய்பவர். அவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். அன்றைக்கு என்னிடம் வேறு யாரும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் யாருக்கோ எழுதுவதுபோல நோட்டில் 'ண' எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த அண்ணாச்சியை மனசுக்குள் விதவிதமாகத் திட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை என் கணவர் கடையைச் சாத்திவிட்டு என்னோடு பஸ் ஏறினார். "நீ சொல்லு, நான் எழுதுதேன். கை என்னுது, மூளை ஒன்னுது" என்றார். அவர் எட்டாவது வரை படித்தவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வழி இல்லை.

முதலில் வந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். புருஷன் விட்டுவிட்டுப் போய் ஐந்து வருஷம். அவன் பெயரை ரேஷன் கார்டிலிருந்து நீக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தலைப்பிலேயே 'பெருநர்' என்று எழுதினார்.

"வல்லின ற-ங்க."

"எந்த ற?"

"பறவைக்கு வார ற."

அடித்துவிட்டு எழுதினார். இரண்டாவது வரியில் ஓர் அடித்தல், மூன்றாவதில் இரண்டு. என் தாள்களில் இப்படி நடந்ததே இல்லை. காதுமடல் சுடுவது எனக்கே தெரிந்தது. பிறகு எட்டிப் பார்த்தேன். 'கணவனாள் கைவிடப்பட்ட நான்' என்று எழுதியிருந்தார்.

"சின்ன ல-ங்க! கணவனால். இதுகூடவா தெரியாது?"

"எல்லாந் தெரிஞ்ச நீயே எழுது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சொன்னவுடனேயே அவர் முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு அது போதுமாக இருந்தது. "எழுதத்தான செஞ்சேன்? பதினெட்டு வருசம் எழுதுனேன். அன்னைக்கு ஒங்க கண்ணு எங்க போச்சு? ஸ்பிரிங் அறுந்துச்சாம்லா, ஸ்பிரிங்கு! எந்த ஸ்பிரிங் அறுந்துச்சு? இத்தன பேரு இருக்காவ, சொல்லுங்க! அறுந்துச்சா?"

மரத்தடி முழுதும் திரும்பிப் பார்த்தது. அவர் பேனாவை மூடினார். அட்டையின் மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மனு எழுத வந்தவள் என் முழங்காலைத் தட்டினாள். "போட்டும் விடுக்கா. ஒம் புருசன் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குத்தான போறாரு. எம் புருசன் போன எடமே தெரியல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புதுத் தாள் எடுத்து இடதுகையால் எழுத ஆரம்பித்தேன். அவள் முக்காடு போட்டுக்கொண்டு வெயிலில் காத்திருந்தாள். முக்கால் பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். 'குடும்ப அட்டை' என்ற இடத்தில் என் கை தேய்த்து நீலமாக ஒரு பட்டை விழுந்திருந்தது. அடுத்த மரத்தடிக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள மனு வாங்குதத நிறுத்தப் போறான்மா. குடு, நான் ஒரு நகல் எழுதிக் குடுத்துருதேன்."

பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டார். என் வாக்கியங்கள்தான், ஒரு சொல்லும் மாற்றவில்லை. அவள் அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் எழுதிய தாளை என்ன செய்வதென்று தெரியாமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். அவருக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. அவர் கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். மீனில் முள் மட்டும் எடுத்து வைத்தார். நான்காம் நாள் காலை சீனி எடுக்கக் கடைக்குப் போனேன். பின்பக்க வழியாக உள்ளே நுழையும்போது, தினமும் வெற்றிலை வாங்க வரும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "வீட்ல கை எப்படி இருக்கு? இந்த ஸ்பிரிங்க மாத்திரும்யா, ஒம்ம தலையிலயும் விழுந்துரும்."

"ஸ்பிரிங்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார் என் கணவர். "நாந்தான் பாக்காம இழுத்துட்டேன். பேச்சு வாக்குல. அவ கை இருந்தத நான் பாக்கல."

வெற்றிலைக்காரர் "அடப் பாவமே" என்றார். நான் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் சீனி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இனி அந்தச் சொல்லுக்காக எழுந்து போக வேண்டியதில்லை. முன்பக்கமாகப் போய், "மத்தியானம் என்ன கொழம்பு வைக்க?" என்று கேட்டேன். "எதுனாலும் வையி" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

எழுத்து மட்டும் ஒரு சமாதானத்துக்கும் வரவில்லை. வாரக்கணக்கில் அதே தள்ளல், அதே நீலக் கறை. ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் கேட்டில் பெண்களின் பைகளைச் சோதிக்கும் போலீஸ்காரப் பெண் டீ குடிக்க மரத்தடிக்கு வந்தாள். என் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யக்கா, நீங்க பொறவிப் பீச்சாங்கை இல்லைல்லா?"

"ஏன்?" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

"தாள நேரா வச்சு எழுதுதீங்க. அதான் கை அழிக்கு. நான் பொறந்ததுலேருந்து பீச்சாங்கை. தாளோட தலைய வலப்பக்கமாச் சாய்ங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். இப்பம் கை வரிக்குக் கீழ இருக்கும் பாருங்க. பேனாவையும் கொஞ்சம் மேல தள்ளிப் பிடிங்க, முனை கண்ணுக்குத் தெரியணும்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் பேனாவை வாங்கி ஒரு வரி எழுதிக் காட்டினாள். கோணலாகக் கிடந்த தாளில் எழுத்து நேராக விழுந்தது. ஆறு மாதமாக ஒரு தாளைத் திருப்பத் தெரியாமலா நான் பேனா உடைத்துக்கொண்டிருந்தேன்? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதைச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லையா? அவளிடம் "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் மேஜையில் பசை நாடாவைச் சாய்வாக ஒட்டி, அந்தக் கோட்டில் தாளை வைத்துப் பழகினேன். மூன்று வாரத்தில் கறை நின்றது.

அதற்குப் பிறகு வந்தவள் ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளத்துப் பெண். அறுபதை நெருங்கியிருப்பாள், உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலெல்லாம் வெடித்திருந்தது. காலை பஸ் ஊருக்குள் வராமல் மெயின்ரோட்டோடு போய்விடுகிறதாம். பெண்கள் இருட்டில் நடந்து போய் ஏற வேண்டியிருக்கிறது. மற்ற மரத்தடிகளில் கூட்டம். என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எழுத எனக்கு நேரமாவும்மா" என்று முன்னாலேயே சொன்னேன். "பீச்சாங்கைதான்."

"ஆவட்டும். எனக்குச் சாயங்காலந்தான் பஸ்ஸு. நீ எழுதுளா."

எழுதினேன். அவள் நடுநடுவே, "அதையும் போட்டியா? நாயி வெரட்டுத விசயம்?" என்று கேட்டாள். போட்டேன். நாற்பது நிமிஷம். அவளோடு நானும் உள்ளே போனேன். மனு வாங்கும் இடத்தில் இருந்த இளைஞர் தாளைப் பிடித்துப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இது என்ன எழுத்து?" என்றார்.

"ழ."

"ழ-வா? ஞ மாதிரி இருக்கு."

"ழ-தான் சார். மழைக்காலத்தில்னு எழுதியிருக்கு. 'மஞைக்காலத்தில்'னா ஒரு அர்த்தமும் கெடையாதே."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சிரித்து, சீல் போட்டு ரசீது கொடுத்தார். வெளியே வந்ததும் அந்த அம்மாள், "ஏளா, சண்டைக்குப் போறியே!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் ரசீதை வாங்கி இரண்டு தடவை பார்த்தேன். எழுத்து யாருடையது என்று அதில் ஒன்றும் இல்லை. ஒரு எண் மட்டும்.

இப்போது ஒன்றரை வருஷமாகிறது. ஒரு திங்கட்கிழமைக்கு ஏழு மனு எழுதுகிறேன். முன்பு இருபது எழுதுவேன். எழுத்துகள் எல்லாம் பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல இடப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. தோள்பட்டை வலிக்கிறது. ஏழாவது மனுவுக்குப் பிறகு என் எழுத்தை என்னாலேயே படிக்க முடிவதில்லை. சென்ற மாதம்கூட ஒரு பேனாவை உடைத்தேன். பழகிவிட்டதா என்று கேட்பவர்களிடம் "ஆமா" என்கிறேன். அவர்களுக்கு அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

போன திங்கட்கிழமை அந்த உப்பளத்து அம்மாள் மறுபடி வந்தாள். பஸ் மூன்று மாதம் ஊருக்குள் வந்ததாம். இப்போது மறுபடி மெயின்ரோட்டோடு போக ஆரம்பித்துவிட்டதாம்.

"இன்னொண்ணு எழுது" என்று சொல்லிவிட்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பஸ்ஸின் மேலா, கையின் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, அதன் தலையை வலப்பக்கமாகச் சாய்த்து, கிளிப்பில் மாட்டினேன்.

"நாயி விசயத்த இந்தத் தடவ மொதல்லயே போட்டுரு" என்றாள்.